ஊதும் வண்டி, உறிஞ்சும் வண்டி

எனக்கு வண்டிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் கண்ணாடிக்கடை வைத்திருப்பவன். ஒருவர் என் எதிரே உட்கார்ந்து எழுத்துப்பலகையைப் படிக்கத் திணறினால், அவருக்கு எந்த லென்ஸ் ஒத்துவரும் என்று அரைக்கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். ஆனால் கார் பானெட்டைத் திறந்து காட்டினால், வைப்பருக்குத் தண்ணீர் ஊற்றும் மூடியைத் தவிர வேறெதையும் எனக்கு அடையாளம் தெரியாது. இருந்தாலும் எங்கள் வீட்டில் நடந்ததை நான்தான் சொல்லியாக வேண்டும். சம்பந்தப்பட்ட மற்ற இருவரையும் கேட்டால், ஒருத்தி மற்றவளைப் புகழ ஆரம்பிப்பாள், கதை பாதி வழியிலேயே நின்றுவிடும்.

ஒருத்தி என் மனைவி. பால் பண்ணைகளுக்கு எஃகுத் தொட்டிகள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டர். பால் தங்கும் தொட்டி என்பதால் உள்பக்க வெல்டிங்கில் மயிரிழை மேடுபள்ளம்கூட இருக்கக் கூடாது, கிருமி ஒளிந்துகொள்ளும். அவள் ஒட்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டினால் எங்கே ஒட்டினாள் என்று கண்டுபிடிக்க முடியாது. இன்னொருத்தி என் தங்கை. ஆம்புலன்ஸ் ஓட்டுகிறாள். எவ்வளவு வேகமாகப் போனாலும் பின்னால் தொங்கும் சலைன் பாட்டில் ஆடாது என்று அவளோடு போகும் நர்ஸ் பெருமையாகச் சொல்வார்.

அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையும் மாதிரி என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டுமே பூனை. எலி நான்தான்.

இருவருக்கும் வண்டிப் பைத்தியம். என் மனைவியின் கார் பழையது, பச்சை நிறம். கூட வேலை செய்தவர் காயலான் கடைக்கு அனுப்ப இருந்ததைக் கேட்டு வாங்கி வந்தாள். நின்ற இடத்தில் நடுங்குவதையும் திடீரென்று துள்ளுவதையும் பார்த்து அதற்கு வெட்டுக்கிளி என்று பெயர் வைத்தோம். தங்கையின் கார் புதுசு, சாம்பல் நிறம், டர்போ வைத்தது.

"டர்போன்னா என்ன?" என்று ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். சாப்பாடு ஆறிப்போனது.

"அண்ணா, அண்ணியோட வண்டி தானா மூச்சை இழுக்குற வண்டி" என்றாள் தங்கை. "பிஸ்டன் கீழே இறங்கும்போது எவ்வளவு காத்தை உறிஞ்ச முடியுமோ அவ்வளவுதான். என் வண்டியில புகை வெளியே போற வேகத்துல ஒரு சக்கரம் சுத்தும். அது சுத்தி, வெளிக்காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள திணிக்கும். காத்து கூடினா பெட்ரோலும் கூட எரியும்."

"அப்போ உன்னோடது ஊட்டிவிடுற பிள்ளை. உங்க அண்ணியோடது தானா சாப்பிடுற பிள்ளை."

"அட, அதேதான்! ஊட்டுற கை கொஞ்சம் பெருசா அள்ளினா போதும், என் பிள்ளை குண்டாயிடும். அண்ணியோட பிள்ளை என்ன பண்ணினாலும் வாய் அளவுக்குத்தான் சாப்பிடும்."

என் மனைவி தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "மென்னு சாப்பிடுற பிள்ளைக்கு வயித்துவலி வராது" என்று மட்டும் சொன்னாள்.

ஊருக்கு வெளியே கல் வெட்டி முடித்துக் கைவிட்ட ஒரு குவாரி இருக்கிறது. லாரிகள் ஏறி இறங்கிய வளைவுச் சாலை இன்னும் நன்றாக இருப்பதால் மோட்டார் சங்கம் ஒன்று அங்கே மலையேற்றப் போட்டி நடத்துகிறது. ஒவ்வொரு வண்டியாக மேலே ஏற வேண்டும், யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார்களோ அவர்களுக்குப் பரிசு. டர்போ வண்டிகள் ஒரு பிரிவு, டர்போ இல்லாதவை இன்னொரு பிரிவு. இரண்டு பேரும் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

தங்கையின் வேலை ஒரே மதியத்தில் முடிந்தது. காரை ஒரு கடையில் விட்டாள். புது ஏர் ஃபில்டர், அகலமான சைலன்சர் குழாய், டர்போவிலிருந்து எஞ்சினுக்குக் காற்று கொண்டுபோகும் புதுக் குழாய், எஞ்சின் கம்ப்யூட்டரில் புது ப்ரோக்ராம். எல்லாம் வாங்கி முடுக்குகிற சாமான்கள்தான். சாயங்காலம் என்னை ஏற்றிக்கொண்டு போய் வெறிச்சோடிய சாலையில் ஆக்ஸிலேட்டரை ஒரு மிதி மிதித்தாள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. நான் வாயைத் திறந்து "இவ்வளவுதானா" என்று கேட்பதற்குள் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. 

என் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை இழுத்தது. வெட்டுக்கிளியை ஊரிலிருந்த, எஞ்சின் பலத்தை அளக்கும் ரோலர் கடைக்கு ஓட்டிப்போய், இருக்கிற பலம் எவ்வளவு என்று முதலில் அளந்துகொண்டாள். பிறகு வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கார் கொட்டகையில் ஆரம்பித்தாள். எஞ்சின் சூட்டை உறிஞ்சாமல் முன்பக்கக் குளிர்ந்த காற்றை இழுக்கும்படி ஒரு குழாய் செய்தாள். அடுத்தது புகைக்குழாய். எஞ்சினிலிருந்து புறப்படும் நான்கு குழாய்களும் ஒரே நீளம் இருக்க வேண்டும், அப்படியிருந்தும் இருக்கிற இண்டு இடுக்கில் வளைந்து நெளிந்து வந்து ஒன்றாகச் சேர வேண்டும். தொழிற்சாலையில் முதலாளியைக் கேட்டு வாங்கி வந்த எஃகுத் துண்டுகளைக் கோணம் கோணமாக வெட்டி ஒட்டினாள். ஒட்டிய இடமெல்லாம் மீன் செதில் போல அடுக்கடுக்காக, பொன்னிறமும் ஊதாவும் கலந்து மின்னியது. நான் கடையில் விற்கும் விலை உயர்ந்த ஃபிரேம்கள்கூட அவ்வளவு அழகில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதை வண்டிக்கு அடியில் மறைத்து வைக்க எனக்கு மனசே வரவில்லை.

"அண்ணி, பின்பக்கக் குழாயை நல்லா அகலமாப் போடுங்க" என்றாள் பார்க்க வந்த தங்கை. "என்னோடது அகலமாக்கினதும்தான் பிச்சுக்கிட்டுப் போகுது."

மனைவியும் அகலமாகவே போட்டாள்.

மூவரும் மறுபடி ரோலர் கடைக்குப் போனோம். காரின் சக்கரங்களை இரும்பு உருளைகள் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே முழு வேகத்தில் ஓடவிட்டு, எஞ்சின் எந்தச் சுற்றில் எவ்வளவு பலம் தருகிறது என்று திரையில் கோடாகக் காட்டும் இடம் அது. ரோலர்காரர் வார்த்தையைச் சில்லறை மாதிரி எண்ணிச் செலவழிக்கிறவர். முதலில் தங்கையின் கார். கோடு திரையில் மதில் சுவர் மாதிரி எழுந்து நின்றது. "நல்லா இருக்கு" என்றார். அவர் அகராதியில் அது மாலை மரியாதை.

பிறகு வெட்டுக்கிளி. பழைய கோட்டின் மேல் புதுக் கோடு வரைந்துகொண்டே போனது. உச்சியில், எஞ்சின் கதறுகிற இடத்தில், கொஞ்சம் மேலே இருந்தது. மற்ற இடமெல்லாம் பழையதைவிடக் கீழே.

"மேல ஏறியிருக்கு. கீழேயும் நடுவுலயும் இறங்கியிருக்கு" என்றார் ரோலர்காரர்.

"இன்னொரு தடவை ஓட்டுங்க" என்றாள் மனைவி.

ஓட்டினார். அதே கோடு.

தங்கை ஏதோ கேலி சொல்ல வாயெடுத்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். திரும்பி வரும் வழியெல்லாம் மனைவி எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வந்தாள். நான் வீட்டுக்குப் போனதும் இடி விழும் என்று எதிர்பார்த்து, வானொலிச் சத்தத்தைக்கூடக் குறைத்து வைத்தேன். இடி விழவில்லை. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே எதையோ யோசித்தாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவினாள். கடைசியில் ஈரக் கையோடு என் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, எங்க தொழிற்சாலையில தொட்டியைக் கழுவுறதுக்குக் குழாய் போடுவோம்ல? அதை அளவுக்கு மேல அகலமாப் போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

"தண்ணி நிறைய வரும்."

"வரும். ஆனா சோம்பேறியா வரும். அந்த வேகத்துல அழுக்கு போகாது. வேகம் வேணும்னா குழாய் அளவோட இருக்கணும்." தட்டைக் கீழே வைத்தாள். "என் வண்டிப் புகையும் அப்படித்தான். ஒரு சிலிண்டர் விட்ட புகை விறுவிறுன்னு போனாத்தான், போற போக்குல அடுத்த சிலிண்டர்ல இருக்குறதையும் இழுத்துக்கிட்டுப் போகும். உள்ளே புதுக்காத்துக்கு இடம் கிடைக்கும். நான் அகலமாப் போட்டு அதைச் சோம்பேறி ஆக்கிட்டேன்."

"தங்கச்சி வண்டிக்கு மட்டும் அகலம் ஒத்துக்குதே?"

"அவளோட புகை டர்போவைச் சுத்திவிட்டு வெளியே வந்ததும் அதோட வேலை முடிஞ்சுது. வழியை விட்டாப் போதும், எவ்வளவு அகலமோ அவ்வளவு நல்லது. எனக்கு ஊட்டிவிட யாரும் இல்ல, என் புகைதான் எனக்குக் காத்தையும் இழுத்துத் தரணும். அவ சட்டையை எடுத்து நான் போட்டுக்கிட்டா எப்படி?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் இரும்பு அறுக்கும் கிரைண்டர் சத்தம் கேட்டு ஓடினேன். அந்த மீன் செதில் குழாயை மனைவி நட்டநடுவில் அறுத்துக்கொண்டிருந்தாள். நான்கு குழாய்கள் சேரும் இடமும் பின்பக்கக் குழாயும் தனித்தனியாகத் தரையில் கிடந்தன. எனக்கு என்னையே அறுப்பது போலிருந்தது.

"ஐயோ! எவ்வளவு அழகா இருந்துச்சு!"

பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "அழகாத்தான் இருந்துச்சு. தப்பா இருந்துச்சே."

அவ்வளவுதான் சொன்னாள். கண்ணாடியை இறக்கிக்கொண்டு மறுபடி அறுத்தாள். இவளோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இவளை அன்றுதான் முதல்முறை பார்த்த மாதிரி கொட்டகை வாசலில் நின்றேன். செய்ததைக் காப்பாற்றக் காரணம் தேடுகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கண்ணாடியில் கண் வலித்தாலும் "பழகிடும்" என்று சொல்லிக்கொண்டு போகிற வாடிக்கையாளர்கள் எத்தனை பேர்! இவள் ஒரு கோட்டைப் பார்த்தாள், அது சொன்னதை ஒப்புக்கொண்டாள், கையில் கிரைண்டரை எடுத்துவிட்டாள்.

சற்று நேரத்தில் தங்கை வந்தாள். தரையில் கிடந்த துண்டுகளைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அண்ணி, அகலமாப் போடச் சொன்னது நான்தான்."

"சொன்னது நீ. யோசிக்காம செஞ்சது நான். சும்மா நிக்காத, இந்த முனையைப் பிடி."

அன்று பிடித்தவள் அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விடவில்லை. மனைவி குழாயின் அகலத்தைக் குறைத்து, நீளத்தைக் கூட்டிக் குறைத்து, சேரும் இடத்தை மாற்றி மாற்றி ஒட்டுவாள். தங்கை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்வாள்.

"மூணாவது கியர்ல ஒரு இடத்துல மூச்சு வாங்குது அண்ணி."

"எந்த இடம்?"

"ஊஊஊன்னு போய், இந்தச் சத்தம் வருது பாருங்க, ம்ம்ம்... அங்க."

வாயாலேயே எஞ்சின் சத்தத்தைப் பாடிக் காட்டுவாள். மனைவி அந்தச் சத்தத்தை மறுபடி பாடச் சொல்லிக் கேட்டு, எங்கே அறுப்பது என்று முடிவு செய்வாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்களைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது. "உங்க தங்கச்சிக்கு உட்கார்ற இடத்துலயே ஒரு ரோலர் இருக்கு" என்று மனைவி என்னிடம் சொன்னாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டை நான் வாங்கியதில்லை.

மூன்றாவது முறை ரோலர் கடைக்குப் போனபோது புதுக் கோடு பழைய கோட்டுக்கு மேலேயே கடைசிவரை போனது. எங்கும் பள்ளமில்லை. ஆனால் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி என் கட்டைவிரல் அகலம்தான். ரோலர்காரர் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்தார். வெகுநேரம் வெளியே வரவில்லை.

"யார் செஞ்சது?" என்று அடியிலிருந்தே கேட்டார்.

"நாங்க ரெண்டு பேரும்" என்றாள் மனைவி.

வெளியே வந்ததும் நான் என் புத்தியைக் காட்டினேன். "இவ்வளவு பாடுபட்டும் இவ்வளவுதானா? தங்கச்சிக்கு ஒரே மதியத்துல அவ்வளவு கூடிச்சே."

நான் கேட்டதற்குத் தங்கைக்குத்தான் கோபம் வந்தது. "அண்ணா, எனக்கு வந்தது கடைக்காரர் குடுத்தது. இது எங்கேயும் கிடைக்காது. சும்மா இரு."

போட்டி நாள் காலையிலேயே வெயில் உறைத்தது. குவாரிப் பாறையெல்லாம் சூடேறிக் கிடந்தது. டர்போ பிரிவு முதலில் புறப்பட்டது. தங்கை அம்பு மாதிரி கிளம்பினாள், முதல் வளைவை வழித்தெடுத்தாள், இரண்டாவது வளைவைத் தாண்டி ஆக்ஸிலேட்டரை மிதித்த இடத்தில் டப்பென்று ஒரு சத்தம், கூடவே உஸ்ஸென்று பெருமூச்சு. கார் களைத்துப்போய்க் கரும்புகை விட்டுக்கொண்டே மெல்ல ஊர்ந்து மேலே போய்ச் சேர்ந்தது.

கீழே இறங்கி வந்ததும் பானெட்டைத் திறந்தார்கள். டர்போவிலிருந்து காற்று போகும் குழாயின் ரப்பர் ஹோஸ் கழன்று தொங்கியது. மாட்டி இறுக்கினார்கள். இரண்டாவது முறையும் அதே இடத்தில் டப். ஹோஸை இறுக்கும் கிளிப்பும் நெளிந்துவிட்டது. மனைவி குழாய் முனையைத் தடவிப் பார்த்தாள்.

"மொழுமொழுன்னு இருக்கு. முனையில மேடா ஒரு வரம்பு இருந்தாத்தான் ஹோஸ் பிடிச்சு நிக்கும். அழுத்தம் கம்மியா இருந்தா சமாளிக்கும். இப்போ கூடியிருக்கு, தள்ளிவிடுது. வீட்டுல இருந்தா ஒரு நொடியில ஒட்டிடுவேன். இங்க மெஷின் இல்லையே."

தங்கை அடுக்கி வைத்திருந்த டயர்கள் மேல் உட்கார்ந்தாள். எத்தனையோ விபத்துகளுக்கு நடுவில் கை நடுங்காமல் வண்டி ஓட்டியவள், கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு தரையையே பார்த்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். 

டர்போ இல்லாத பிரிவு ஆரம்பித்தது. மனைவி வெட்டுக்கிளியை ஏற்றினாள். நிதானமாக, பயமில்லாமல், ஆனால் ஒவ்வொரு வளைவிலும் ஒரு நிமிஷம் யோசிக்கிற மாதிரி ஓட்டினாள். கடைசி இடம் இல்லை, கடைசிக்கு அடுத்த இடத்தைத் தாண்டிவிட்டாள், அவ்வளவுதான். இறங்கி வந்தவள் நேராக நடுவரிடம் போய் ஏதோ பேசினாள். ஒரே வண்டியை இரண்டு பேர் ஓட்டலாம், பெயரை மாற்றி எழுதினால் போதும் என்று அவர் சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து தங்கையின் மடியில் சாவியைப் போட்டாள்.

"போ."

"அண்ணி, வேண்டாம். இது உங்க வண்டி. நான் முரட்டுத்தனமா ஓட்டுவேன். எதையாவது ஒடைச்சுட்டா?"

"ஒடைச்சா ஒட்டிக்கலாம். நான் வெல்டர்."

தங்கை சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

நானும் மனைவியும் நடுவளைவுக்கு மேலே பாறை ஓரமாக ஏறி நின்றோம். தன் வண்டி முழு வேகத்தில் மலையேறுவதை வெளியே நின்று பார்ப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கீழேயிருந்து சத்தம் கிளம்பியது. டர்போ வண்டிகள் உறுமிக்கொண்டும் சீறிக்கொண்டும் ஏறின. இது பாடிக்கொண்டு ஏறியது. ஒரே சுருதி, மேலே மேலே மேலே. மனைவி என் கையைப் பிடித்தாள். அவள் உதடு முணுமுணுத்தது: "இப்போ... இப்போ மாத்து." அவள் சொன்ன அந்த நொடியில் அங்கே கியர் மாறியது. அடுத்த வளைவிலும் அப்படியே. ஒருத்தி கட்டிய வண்டியை இன்னொருத்தி ஓட்டுகிறாள், இருவருக்கும் ஒரே காது. கொண்டை ஊசி வளைவில் மற்றவர்களெல்லாம் தடுமாறி நின்று கிளம்பினார்கள். வெட்டுக்கிளி பிரேக்கைத் தொட்டதும் தெரியவில்லை, விட்டதும் தெரியவில்லை, வளைவிலிருந்து ஒரே துள்ளலாக வெளியே வந்து பாறைக்குப் பின்னால் மறைந்தது.

தங்கைக்கு அந்தப் பிரிவில் இரண்டாவது இடம். அண்ணியின் நேரத்தைவிட அவள் நேரம் எவ்வளவோ குறைவு. மனைவி கொஞ்சமாவது மனசு சுணங்குவாள் என்று ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் பலகையில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டிக்கொண்டிருந்தாள்.

"என் வண்டி இவ்வளவு வேகமாப் போகும்னு எனக்கே தெரியாதுங்க!"

தங்கை ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "அண்ணி, காலை வச்ச உடனே கேக்குது அண்ணி! என் வண்டி கொஞ்சம் யோசிச்சுட்டுத்தான் வரும். இது கேக்குறதுக்கு முன்னாடியே குடுக்குது."

"உன்னோடது யோசிச்சு வந்தாலும் வரும்போது மலையையே தூக்கிக்கிட்டு வருதே. அந்த உதை என் வண்டிக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் வராது. வீட்டுக்குப் போனதும் அந்தக் குழாயைக் கழட்டு, நான் பார்த்துக்குறேன்."

சொன்னபடியே செய்தாள். குழாய் முனைகளில் சுற்றிலும் ஒரு வரம்பு ஒட்டினாள். அதோடு விடாமல், டர்போ அமுக்கும்போது சூடாகிற காற்றைக் குளிர்விக்கும் பெட்டியையும் பெரிதாகச் செய்து பொருத்தினாள். வெயிலில் அந்த வண்டி களைப்பதை அன்றே கவனித்திருக்கிறாள். தங்கை முனையைப் பிடித்தாள். நான் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதிலாவது எனக்கு நல்ல பெயர் உண்டு.

அடுத்த போட்டியில் சாம்பல் நிறக் கார் ஒரு இடத்திலும் பெருமூச்சு விடவில்லை. டர்போ பிரிவில் தங்கைக்கு முதல் பரிசு. அவள் மேடையில் நின்றுகொண்டு, ஒலிபெருக்கியைப் பிடுங்காத குறையாக, "எங்க அண்ணி செஞ்ச வண்டி" என்று கத்தினாள். எனக்குத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும், "அது என் வீட்டுக்காரி, இது என் தங்கச்சி" என்று சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

புறப்படும் நேரத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண் தயங்கித் தயங்கி மனைவியிடம் வந்தாள். அவளுடையதும் டர்போ இல்லாத வண்டியாம். பெரிய ஏர் ஃபில்டர் போட்ட பிறகு வெயிலில் இன்னும் மந்தமாகிவிட்டதாம், ஒரு நிமிஷம் பார்க்க முடியுமா என்று கேட்டாள். மனைவி பானெட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "பாவம், ரேடியேட்டர் சூட்டையே உறிஞ்சிக்கிட்டு இருக்கு. முன்னாடி வழி இருக்கான்னு கீழேயிருந்து பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு, கைப்பையை என்னிடம் நீட்டினாள். போட்டிருந்த நல்ல உடையோடு மண்ணில் மல்லாந்து வண்டிக்கு அடியில் நகர்ந்தாள். தேடிக்கொண்டு வந்த தங்கை பரிசுக் கோப்பையை என் கையில் திணித்துவிட்டு மறுபக்கமாக அடியில் புகுந்தாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள்.

"ரொம்ப நேரம் ஆகுமா சார்?" என்று கேட்டாள்.

"ஆகும்மா" என்றேன். "நீங்களும் குனிஞ்சு பாருங்க."